இதய அழற்சியும் வன்னி நிலமும்: ஒரு வரலாற்று நோக்கு

அழல் என்பது தீயைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதன் அடியாகப் பிறந்த அழற்சி என்னும் சொல்லை, காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடலின் இழையங்கள் காட்டும் எதிர்வினைக்குப் பெயராக இன்றைய மருத்துவத் தமிழ் வழங்குகின்றது. இலத்தீன் மொழியிலும் இதற்குரிய சொல் தீயின் அடியாகவே அமைந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் செல்சஸ், சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், நோதல் ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக வகுத்துரைத்தார். கையிலோ காலிலோ தோன்றும் அழற்சியைக் கண்ணாற் கண்டும் கையால் தொட்டும் அறியலாம். நெஞ்சறைக்குள் மறைந்து துடிக்கும் இதயத்தில் மூளும் அழலை எவ்வாறு அறிவது? அறிந்தபின் எவ்வாறு தணிப்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடைகாண மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

விடை கிடைத்த பின்னரும் அது எல்லா நிலத்தார்க்கும் ஒருபடித்தாகக் கிட்டவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்கள் பரந்து கிடக்கும் வன்னிப் பெருநிலம் இதற்குச் சான்றாகும். வறியோரின் இதயத்தைத் தாக்கும் அழற்சிக்குரிய தலையாய மருந்து விலை மலிந்தது. கிராம மருந்தகத்திலும் கொடுக்கத்தக்கது. ஆயின் அது ஆண்டுக்கணக்கில் இடையறாது கொடுக்கப்பட வேண்டியது. வன்னியின் அண்மைக்கால வரலாறோ இடையறவுகளின் வரலாறாக அமைந்துவிட்டது. இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கும்போது, மருந்தின் பயன் சமூக ஒழுங்கின் வலிமையைப் பொறுத்தது என்னும் உண்மை தெளிவாகின்றது.

தொண்டையில் தொடங்கும் நோய்

இதயத்தைத் தாக்கும் அழற்சி நோய்களுள் வறிய நாடுகளின் சிறுவரை மிகுதியும் வாட்டுவது மூட்டுவாதக் காய்ச்சலாகும். பெரும்பாலும் 5 வயதுக்கும் 15 வயதுக்கும் இடைப்பட்டோரையே இது பற்றுகின்றது. இதன் தொடக்கம் மிகச் சாதாரணமானது. ‘ஏ’ பிரிவைச் சேர்ந்த ஸ்ரெப்ரோகொக்கஸ் என்னும் பற்றீரியாவால் பிள்ளைக்குத் தொண்டை நோவு உண்டாகும். சில நாள்களில் அது தானாகவே ஆறிவிடும். பெற்றோர் அதனை மறந்துவிடுவர். இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின் காய்ச்சல் காயும். முழங்கால், கணுக்கால், முழங்கை, மணிக்கட்டு எனப் பெருமூட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கி நோகும். சில பிள்ளைகளுக்குக் கை கால்கள் தம் வசமின்றி அசையும்.

இக்காலத்தில் இதயத்தில் கிருமி இருப்பதில்லை என்பது இந்நோயின் வியத்தகு இயல்பு. கிருமியின் மேற்புறத்திலுள்ள புரதத்துக்கும் இதய இழையத்துக்கும் அமைப்பில் ஒற்றுமை உண்டு. கிருமியை அழிப்பதற்கென உடல் ஆக்கிய நோயெதிர்ப்புப் படை அவ்வொற்றுமையால் மயங்கித் தன் இதயத்தையே பகையெனக் கருதித் தாக்குகின்றது. அத்தாக்குதலே அழற்சியாகும். மூட்டுகளின் வீக்கம் வடுவின்றி மறையும். இதயத்தின் வடுவோ மறைவதில்லை. இந்நோய் மூட்டை நக்கிச் செல்லும், இதயத்தைக் கடித்துச் செல்லும் என மருத்துவ மாணவர் வழிவழியாகக் கேட்டுவரும் கருத்து இதனையே சுட்டுகின்றது.

இதயத்தின் இடப்புறத்தே சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வே பெரும்பாலும் பழுதுறுகின்றது. அதன் மெல்லிய இதழ்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, வாயில் குறுகிப்போகின்றது. அல்லது இதழ்கள் சுருங்கி, மூடாமற் குருதியைப் பின்னோக்கி ஒழுகவிடுகின்றது. மேலைநாடுகளில் இக்குறுக்கம் முற்றுவதற்கு இருபதாண்டும் அதற்கு மேலும் செல்வதுண்டு. தென்னாசியாவிலோ பள்ளிப் பருவத்திலேயே அது முற்றிவிடுகின்றது என்பதை 1963ஆம் ஆண்டில் புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தைச் சேர்ந்த எஸ்.பி. ரோயும் அவர்தம் குழுவினரும் உலகறியச் செய்தனர். புதிதாய்த் தொண்டை நோவு வருந்தோறும் இதயம் மீண்டும் தாக்கப்படுதலே இவ்விரைவுக்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. பிள்ளைப்பருவத்தில் உணரப்படாத நோய், பெண்ணொருத்தி கருவுற்ற காலத்தில் குருதியின் அளவு பெருகும்போது மூச்சுத்திணறலாக வெளிப்பட்டு உயிருக்கே உலைவைப்பதும் உண்டு. இலங்கையில் நிகழும் தாய்மார் மரணங்களுக்கு இதயநோய் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருத்தல் ஈண்டு நினையத்தக்கது.

மருத்துவ உலகு கண்ட வழி

மூட்டு நோவுக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மருத்துவர் டேவிட் பிற்கெயின் தம் மாணவர்க்கு எடுத்துரைத்தார். 1812ஆம் ஆண்டில் வில்லியம் சாள்ஸ் வெல்ஸ் நோயாளர் பலரின் வரலாறுகளைத் தொகுத்து அத்தொடர்பை நிறுவினார். பிரான்சில் லனெக் 1816ஆம் ஆண்டில் நெஞ்சொலிமானியை ஆக்கினார். அதன் துணைகொண்டு இதய ஒலிகளை ஆராய்ந்த பூயோ, மூட்டுவாதத்தோடு இதய அழற்சி கூடிவருதல் தற்செயலன்று, நியதியே என 1836ஆம் ஆண்டளவில் உரைத்தார். 1904ஆம் ஆண்டில் ஜேர்மனியரான லுட்விக் அஷோவ் இறந்தோரின் இதயத்தசையில் இந்நோய்க்கே உரிய சிறு முடிச்சுகளை நுணுக்குக்காட்டியிற் கண்டார். காதால் கேட்டறிந்த அழற்சி அன்று கண்ணுக்கும் புலனாயிற்று.

மருந்தின் வரலாறு இதற்கு இணையாக வளர்ந்தது. ஸ்கொத்லாந்தின் தண்டியில் தோமஸ் மக்லகன் 1876ஆம் ஆண்டில் அலரிமரப் பட்டையிலிருந்து பெற்ற சலிசினைக் கொடுத்துக் காய்ச்சலையும் மூட்டு நோவையும் தணித்தார். அஸ்பிரின் அவ்வழியில் வந்ததே. 1949ஆம் ஆண்டில் கோட்டிசோன் புகழ்பெற்றபோது, இதய அழற்சியை அடியோடு அணைக்கும் மருந்து கைவந்துவிட்டது எனப் பலர் நம்பினர். பிரித்தானியாவும் அமெரிக்காவும் இணைந்து நடத்திய ஆய்வு 1955ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அந்நம்பிக்கை தளர்ந்தது. கோட்டிசோன் பெற்றவரும் அஸ்பிரின் பெற்றவரும் ஓராண்டின் பின் ஒரே அளவிலேயே இதயப் பழுதுற்றிருந்தனர். மூண்ட அழலைத் தணிக்கும் மருந்துகள் நோயாளிக்கு ஆறுதல் தந்தன, வால்வைக் காக்கவில்லை.

ஆகவே அழல் மூளாமற் காத்தலே வழியாயிற்று. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அல்வின் கோபேணும் இலண்டனில் கொலிசும் இந்நோய்க்கு முன்னோடியாக ஸ்ரெப்ரோகொக்கஸ் தொற்று அமைவதைக் காட்டினர். 1933இல் ரெபெக்கா லான்ஸ்பீல்ட் அம்மையார் அக்கிருமிகளை வகைப்படுத்தினார். 1949ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலப் படைமுகாம் ஒன்றில், தொண்டை நோவுற்ற படைவீரருக்குப் பெனிசிலின் கொடுத்தால் மூட்டுவாதக் காய்ச்சல் பெரும்பாலும் தோன்றாது என்பது நிறுவப்பட்டது. நெருக்கமாய் மக்கள் உறங்கும் முகாமே அவ்வாய்வுக்கு ஏற்ற களமாயிருந்தது. நெருக்கடியான வாழிடமே இக்கிருமியின் விளைநிலம் என்பதற்கு அதுவும் ஒரு சான்று. அடுத்த சில ஆண்டுகளில், ஒருமுறை ஊசியேற்றினால் வாரக்கணக்கில் உடலில் தங்கும் பென்சதீன் பெனிசிலின் வழக்குக்கு வந்தது. ஒருமுறை நோயுற்ற பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை இவ்வூசியை ஏற்றிவந்தால் மறுதாக்குதலைத் தடுக்கலாம்.

பழுதுற்ற வால்வைச் சீராக்கும் சத்திர சிகிச்சையும் வளர்ந்தது. 1923இல் பொஸ்ரனில் எலியட் கட்லரும் 1925இல் இலண்டனில் ஹென்றி சுற்றரும் குறுகிய வால்வைத் திறக்க முற்பட்டனர். 1948ஆம் ஆண்டிலிருந்து அம்முறை பரவியது. 1960இல் செயற்கை வால்வு வந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவகம் ஆக்கிய வால்வு 1990ஆம் ஆண்டு முதல் நோயாளருக்குப் பொருத்தப்படலாயிற்று. இவை யாவும் காலங்கடந்த நிலைக்குரிய பெருஞ்செலவுப் பணிகள். ஒரு செயற்கை வால்வின் செலவைக்கொண்டு எத்தனையோ பிள்ளைகளுக்குப் பல்லாண்டு ஊசியேற்றலாம்.

காய்ச்சல் நிலம்

இவ்வறிவு மேலைநாடுகளில் வளர்ந்த காலத்தில் வன்னி வேறு நோய்களோடு போராடிக்கொண்டிருந்தது. மருத்துவ அதிகாரி கின்சி 1881ஆம் ஆண்டில் எழுதிய அறிக்கை பறங்கி நோய் பற்றியது. ஜே.பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல், காய்ச்சலும் பறங்கி நோயும் குடிகளை அழித்த ஒரு நிலத்தையே காட்டுகின்றது. பறங்கி நோயின் கிருமியை அல்டோ கஸ்தலானி 1905ஆம் ஆண்டில் கொழும்பிலேயே கண்டறிந்தார். உலகின் பல நாடுகளில் அந்நோயைப் பின்னர் அடக்கியதும் உடலில் நெடிது தங்கும் பெனிசிலின் ஊசியே. ஒரே ஊசியில் ஆறும் நோய் அது. மூட்டுவாதக் காய்ச்சலுக்கோ அதே மருந்து நூறு தடவைக்கு மேலும் வேண்டப்படும். இவ்வேறுபாடு பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

மலேரியா வன்னியின் நிலையான காய்ச்சலாயிருந்தது. 1946ஆம் ஆண்டில் டி.டி.ரி. தெளித்தல் நாடெங்கும் விரிவுபடும்வரை குளங்களை அண்டிய ஊர்கள் அதன் பிடியிலிருந்து மீளவில்லை. ஊரெல்லாம் காய்ச்சலாயிருக்கும் நிலத்தில் ஒரு பிள்ளையின் காய்ச்சலையும் கால் நோவையும் தனியொரு நோயென இனங்காணல் அரிது. மூட்டுவாதக் காய்ச்சல் மலேரியாவின் நிழலில் மறைந்து கிடந்திருக்கும் எனக் கொள்வது பொருந்தும். நாட்டு வைத்தியம் மூட்டு நோவை வாதத்தின் பாற்படுத்தியது. இதய ஒலியைக் கேட்டறியும் கருவி அதனிடம் இருக்கவில்லை.

அக்கருவியைக் கையாளும் மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்பட்ட காலமும் ஈழத்தில் உண்டு. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழ் மாணவரைப் பயிற்றி, ‘இரண வைத்தியம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தார். அம்முயற்சி குடாநாட்டில் வேரூன்றியது. ஆனையிறவுக்குத் தெற்கே மருத்துவ வசதி நெடுங்காலம் அருகியே இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் இரணைமடு முதலிய நீர்ப்பாசனத் திட்டங்களால் குடியேற்றங்கள் பெருகின. 1958, 1977ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தை விட்டகன்ற மக்கள் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடிசையமைத்து வாழத் தலைப்பட்டனர். 1978இல் முல்லைத்தீவும் 1984இல் கிளிநொச்சியும் தனி மாவட்டங்களாயின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் 1978இலேயே தொடங்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் 16 நாடுகளில் நடத்திய மூட்டுவாதக் காய்ச்சல் தடுப்புத் திட்டத்தில் இலங்கையும் இடம்பெற்றது. அப்பதினாறு நாடுகளிலும் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் பரிசோதிக்கப்பட்டு 3,135 பேரிடம் நோய் காணப்பட்டது. மக்கள் நிலைபெற்று, மருத்துவமும் அணுகிவரவேண்டிய அவ்வேளையிற்றான் போர் வன்னியைச் சூழ்ந்தது.

அறுந்த தொடர்ச்சி

மூட்டுவாதக் காய்ச்சலுற்ற பிள்ளைக்கு இதயம் பழுதுபடாதவிடத்தும் குறைந்தது 5 ஆண்டுகள் ஊசி தேவை. இதயம் பழுதுற்றால் குறைந்தது 10 ஆண்டுகள். பழுது கடுமையாயின் வாழ்நாள் முழுதும். நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 130 ஊசிகள். ஒவ்வொன்றும் உரிய நாளில் ஏற்றப்பட வேண்டும். ஊசி நோவு மிக்கது. பிள்ளை நலமாயிருப்பதாகவே தோன்றும். அமைதிக் காலத்திலேயே பெற்றோர் சோர்வடைதல் இயல்பு.

1995ஆம் ஆண்டில் பத்து வயதில் இந்நோயுற்ற பிள்ளையொன்றை எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பெருந்தொகையினர் பின்னர் வன்னிக்கு வந்தனர். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமாயிற்று. மக்கள் மேற்கேயும் தெற்கேயும் பெயர்ந்தனர். 1997 மே மாதம் தொடங்கிய படைநடவடிக்கை வவுனியா வடக்கின் ஊர்களைக் காலியாக்கியது. 1990 முதல் நடைமுறையிலிருந்த பொருளாதாரத் தடையின்கீழ் மருந்துகளும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு மட்டுப்படுத்தப்பட்ட அளவிலேயே வன்னிக்குட் சென்றன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்தது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. அப்பிள்ளையின் பத்தாண்டு 2005இல் நிறைவுறும். 130 நாள்களில் எத்தனை நாள் அதன் மருந்தும், மருந்தேற்றுவாரும், நோயாளர் பதிவேடும், பிள்ளையும் ஓரிடத்தில் ஒன்றுகூடியிருத்தல் இயலும்?

பின்வந்த பிள்ளைக்கு நிலை இன்னும் கொடிதாயிற்று. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டது. 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. 2009இன் முதல் மாதங்களில் மக்கள் ஒடுங்கிய கரையோரத்தில் நெருக்குண்டனர். மருத்துவமனைகளும் எறிகணை வீச்சுக்கு உள்ளாயின. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் ஆயிரக்கணக்கான காயமுற்றோரையும் நோயாளரையும் கடல்வழியே அகற்றின. போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் தங்கவைக்கப்பட்டனர். அவற்றுட் பெரியதான மெனிக் பாம் 2012 செப்ரெம்பரிலேயே மூடப்பட்டது. ஒரே கூடாரத்திற் பலர் உறங்கும் வாழ்வு ஸ்ரெப்ரோகொக்கஸ் பரவ ஏற்றது என்பதை வயோமிங் படைமுகாமின் கதை முன்னரே உணர்த்தியது. அங்கு படைவீரர்க்குப் பெனிசிலின் உடனிருந்தது. வன்னியில் நெருக்கம் மிகுந்த காலமும் மருந்து அரிதான காலமும் ஒன்றாயின.

குருதி சிந்தும் காயங்களை எண்ணலாம். தவறிய ஊசிகளின் விளைவு உடன் தோன்றாது. அது இருபது வயதில் மாடியேறும்போதோ, முதற் பிள்ளைப்பேற்றின்போதோ மூச்சுத்திணறலாக வந்து நிற்கும். போரின் இழப்புக் கணக்கில் இது இடம்பெறுவதில்லை.

இவ்விடையறவு நீக்க முடியாத விதியன்று. நெடும்போராலும் முகாம் வாழ்வாலும் நலிந்த வடக்கு உகண்டாவின் குலு நகரை மையமாகக்கொண்டு நடந்த ஆய்வொன்று 2021ஆம் ஆண்டிறுதியில் வெளிவந்தது. எதிரொலிப் பரிசோதனையால் தொடக்கநிலை வால்வுப் பழுது காணப்பட்ட 818 சிறுவர் அதில் இடம்பெற்றனர். நான்கு வாரத்துக்கொரு பெனிசிலின் ஊசி பெற்றோருள் இரண்டாண்டில் நோய் வளர்ந்தவர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. ஊசி பெறாதோருள் நூற்றுக்கு எண்மர். அச்சோலி மொழியில் பிள்ளையின் இதயத்தைக் காத்தல் என்னும் பொருள்படும் பெயரை அவ்வாய்வு தாங்கியது. தாதியர் தவணை நாளை நினைவூட்டியும், பிள்ளைகளை ஒருங்குசேர்த்தும், போக்குவரவுக்கு உதவியும் தொடர்ச்சியைப் பேணினர். அங்கு பயன்பட்டது புதிய மருந்தன்று. எழுபதாண்டுப் பழமையான மருந்தும் புதிய ஒழுங்குமாகும்.

காந்தட் கிழங்கு

அழற்சியும் இதயமும் பற்றிய அறிவு அண்மையில் வேறொரு திசையிலும் விரிந்துள்ளது. நடுத்தர வயதினரின் மாரடைப்புக்குக் காரணமான நாடித் தடிப்பைக் கொழுப்புப் படிவு என்றே நெடுங்காலம் எண்ணினர். 19ஆம் நூற்றாண்டிலேயே வியர்ச்சோ அதில் அழற்சியின் கூறு உண்டென்றார். 1999ஆம் ஆண்டில் றசல் ரொஸ் அதனை அழற்சி நோயெனவே விளக்கினார். 2017ஆம் ஆண்டில் பத்தாயிரம் நோயாளரிடம் நடந்த ஆய்வு, கொலஸ்திரோலைத் தொடாது அழற்சியை மட்டும் தணித்தாலும் மாரடைப்புக் குறையும் எனக் காட்டியது. அம்மருந்து விலையுயர்ந்தது, உயிர்கொல்லும் தொற்றுகளையும் சற்றே மிகுவித்தது. ஆகவே பழையதொரு மருந்தான கொல்சிசினை ஆய்வாளர் நாடினர். நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கொடுத்ததில் 2019, 2020ஆம் ஆண்டு ஆய்வுகள் நன்மை கண்டன. 2024இல் மாரடைப்புற்றோர் 7,062 பேரிடம் நடந்த ஆய்வு நன்மை காணவில்லை. விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

கொல்சிசின் தமிழர்க்கு அந்நியப் பொருளன்று. பெலெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் 1820ஆம் ஆண்டில் மலேரியாவுக்குரிய குயினைனைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் ஐரோப்பியச் செடியொன்றிலிருந்து கொல்சிசினையும் பெற்றனர். அதே நஞ்சு காந்தளிலும் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் முதலிடம் பெற்று, வன்னியின் வேலிகளிலும் பற்றைகளிலும் மழைக்காலத்திற் பூக்கும் கார்த்திகைப்பூ அதுவே. அதன் கிழங்கை உண்டு மாண்டோர் இலங்கையிற் பலர். அளவறிந்த சிற்றளவில் மருந்தாவது, அளவிகந்த நிலையில் உடலுறுப்புகள் அனைத்தையும் செயலிழக்கச் செய்கின்றது. எனவே இக்கிழங்கை வீட்டு மருந்தாகக் கருதுதல் பெருங்கேடு.

முடிவுரை

இதய அழற்சியின் வரலாறு இரு படிப்பினைகளைத் தருகின்றது. காந்தள் உணர்த்துவது அளவு. பெனிசிலின் உணர்த்துவது தொடர்ச்சி. இரண்டையும் மருந்து தானே கொண்டுவருவதில்லை. மக்களின் நிறுவனங்களே கொண்டுவருகின்றன. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வன்னியின் பழம்பகையை வென்றதும் பல்லாண்டு இடைவிடாது நடந்த தெளிப்பும் குருதிப் பரிசோதனையும் கண்காணிப்புமே.

2018ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை மூட்டுவாத இதயநோயைத் தடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. உலகில் ஏறத்தாழ 4 கோடிப் பேர் இந்நோயோடு வாழ்கின்றனர். ஆண்டுதோறும் மூன்று இலட்சம் பேர் மடிகின்றனர். வன்னியில் இன்று மாவட்ட மருத்துவமனைகள் இயங்குகின்றன. பள்ளிகளிற் சுகாதாரப் பரிசோதனை நடைபெறுகின்றது. குடும்பநல உத்தியோகத்தர் வீடுதோறும் செல்கின்றனர். 2021 முதல் வவுனியாவிற் பல்கலைக்கழகமும் உண்டு. எனினும் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, போரின்றியும் மருந்து அற்றுப்போகலாம் என்பதை நாடு முழுமைக்கும் உணர்த்தியது.

தொண்டை நோவைப் புறக்கணியாமை, பிள்ளையின் இதய ஒலியைக் கேட்டறிதல், நோயுற்றவரின் பெயரைப் பதிவேட்டிற் காத்தல், தவணை நாளில் ஊசியேற்றல் ஆகிய நான்கும் எளிய பணிகள். அப்பதிவேடு மீண்டும் ஒருமுறை அறுபடாதிருக்குமாயின், இடப்பெயர்வின் ஆண்டுகளில் எவராலும் எண்ணப்படாது போன இதயங்களின் இழப்பு அடுத்த தலைமுறைக்கு நேராது.